காதர் பாய் எடுக்காத எட்டு அளவுகள்

உங்கள் குழுத் தலைவி நித்யா, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: "சார், ஒரே ஒரு தடவை ஜோக் அடிக்காம எழுதுங்க." முயன்று பார்க்கிறேன். உத்தரவாதம் இல்லை. முப்பது வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில் எனக்கு மிஞ்சியவை ஒரு தொப்பை, ஒரு கழுத்து வலி, எதையும் சிரித்தே சமாளித்துவிடும் ஒரு கெட்ட பழக்கம். தொப்பையும் கழுத்தும் என்னை மட்டும்தான் படுத்தின. அந்தப் பழக்கம் இன்னொரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

ஓய்வு பெற்றவன் எழுதுகிற கட்டுரை என்றால் கடைசியில் எப்படியோ நல்லது நடந்துவிடும் என்று எதிர்பார்ப்பீர்கள். இதில் நடக்காது. இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது ஒரு கன்டெய்னர் யார்டில். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இல்லையா, அந்த வரிசையில் மூன்று மணி நேரம் பொறுமையாக நின்றால் எங்கள் கேட் வரும். உறைந்த இறால் ஏற்றிய குளிர்பெட்டிகள் அங்கே வந்து கப்பலுக்காகக் காத்திருக்கும். ரீஃபர் என்போம். ஒரு கன்டெய்னர் அளவுக்கு ஃபிரிட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்டில் செருகியிருக்கும் வரை உள்ளே மைனஸ் பதினெட்டு. பிடுங்கிவிட்டால் இறாலுக்குத் தான் ஒரு காலத்தில் கடலில் இருந்த ஞாபகம் மெல்ல மெல்ல வர ஆரம்பிக்கும்.

இதைப் பார்த்துக்கொள்ள பிளக் ஆட்கள் என்று தனியாக இருப்பார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் தெரியும் எண்ணைப் பார்த்து, கையிலிருக்கும் கருவியில் அழுத்த வேண்டும். காதர் பாய் அப்படி ஒரு பிளக் ஆள். ராயபுரம். பன்னிரண்டு வருட சர்வீஸ். மழை பெய்தால் கருவிக்கு பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டு, தான் நனைந்துகொண்டே நடப்பார். என் அறைக்குத் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் என்னை ஒரு பிடி பிடிக்காமல் போகமாட்டார்.

"சார், நீ ஏசில குந்திகினு பொட்டி ஜில்லுன்னு கீதான்னு பாக்குற. நான் வெயில்ல வெந்துகினு பாக்குறேன். ரெண்டு பேர்ல யாரு சார் ரீஃபரு?"

நான் வண்ணாரப்பேட்டைக்காரன். இந்த மாதிரிப் பேச்சுக்குச் செத்துவிடுவேன். எங்களுக்குள் நல்ல ஒட்டுதல் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் செய்தது விரோதத்தில் செய்ததல்ல. விரோதியாக இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்துச் செய்திருப்பேன்.

என் வேலை என்னவென்றால், காதர் பாய் அழுத்துகிற எண்ணுக்குப் பூர்வீகம் எழுதி வைப்பது. மனிதர்களிடம் சொந்த ஊர் எது, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறோம் அல்லவா, அதே மாதிரி ஒவ்வொரு எண்ணிடமும் கேட்க வேண்டும். நீ எங்கே பிறந்தாய்? எந்தக் கருவி? யார் கை? எத்தனை மணிக்கு? அப்புறம் உன்னை யார் தொட்டார்கள்? இந்தப் பதில்கள் எல்லாம் சேர்ந்ததுதான் பூர்வீகப் பதிவு. வெறும் மைனஸ் பதினெட்டு யாருக்கும் பயன்படாது. காதர் பாய், மூன்றாம் எண் கருவி, மதியம் இரண்டு மணி என்று சேர்ந்து வந்தால்தான் அந்த மைனஸ் பதினெட்டை வெளிநாட்டுக்காரன் நம்புவான்.

அந்தப் பதிவை யாரும் திருத்திவிடாதபடி நான் கட்டிய ஏற்பாட்டைப் பார்த்தால் நீங்கள் பாராட்டுவீர்கள். ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் கைரேகையை, அதாவது அதிலிருந்தே கணக்கிட்ட ஒரு குறியீட்டை, சுமந்துகொண்டிருக்கும். நடுவில் ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் பொருந்தாமல் கூச்சல் போடும். அதோடு பதிவின் பிரதி நாலு இடங்களில் இருக்கும்: யார்டில், லாரி நிறுவனத்தில், ஏற்றுமதியாளரிடம், துறைமுக வாசலில். நாலும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டே இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் மாற்றினால் மற்ற மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும். இதைப் பற்றி நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு எழுதினேன். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இப்படிப் போட்டேன்: 'உள்ளே வந்த பதிவை எவராலும், இந்த அமைப்பைக் கட்டியவராலும், மாற்ற இயலாது.' அதை எழுதிவிட்டு ஒரு டீ குடித்தேன். அவ்வளவு பெருமை.

இன்னொரு விதியும் வைத்தேன். அளவு எடுத்தவரின் பெயர் இல்லாமல் எந்தப் பதிவும் உள்ளே வரக்கூடாது. பெயர் கட்டம் காலியாக இருந்தால் அமைப்பு கதவைச் சாத்திவிடும். பொறுப்பில்லாத எண் ஒன்றுகூட உள்ளே நுழையக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

இப்போது என் கைங்கரியத்துக்கு வருகிறேன்.

மழை நாட்களில் கருவிகள் மக்கர் செய்யும். பெட்டியின் மேலுள்ள ஸ்டிக்கர் நனைந்து ஊறினால் கருவி அதைப் படிக்காது. சிக்னல் போகும், வரும். சில சுற்றுகளின் அளவு தாமதமாக வரும், சில வரவே வராது. வராத இடமெல்லாம் மேனேஜர் அறையில் உள்ள பெரிய திரையில் சிவப்புக் கட்டமாகத் தெரியும். ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஃபாரின் பார்ட்டி வர்றாங்க. இந்தத் திரை இப்படி அம்மை போட்ட மாதிரி இருந்தா எப்படிங்க?"

"மழை சார். அளவு வரலை. வராததை வரலைன்னுதானே காட்டணும்?"

"உண்மைதான். ஒரு நாளைக்கு அழகா இருக்கக் கூடாதா?"

அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. அழகாக இருக்கச் சொன்னார். பொய்யைச் சேர்த்தது நான். கேன்டீனிலிருந்து வந்த வாழைக்காய் பஜ்ஜி ஆறுவதற்குள் பதினொரு வரியில் ஒரு நிரல் எழுதினேன். இரண்டு நிஜ அளவுகளுக்கு நடுவே காலியாக இருக்கும் சுற்றுகளை, இரண்டுக்கும் பொதுவான ஓர் எண்ணால் நிரப்பும். அவ்வளவுதான். முதல் தடவை ஓட்டியபோது அமைப்பு அதை ஏற்கவில்லை. அளவு எடுத்தவர் பெயர் எங்கே என்று கேட்டது. நான் வைத்த விதி என் மூக்கிலேயே இடித்தது.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நான் கட்டியது சரியாக வேலை செய்த ஒரே தருணம் அது. யாரும் எடுக்காத அளவுக்குப் பெயர் கிடையாது, ஆகவே உள்ளே வராதே என்று அது என்னிடமே சொன்னது. நான் என்ன செய்தேன் தெரியுமா? 'என் பிள்ளை எவ்வளவு கறாராக இருக்கிறது பார்' என்று சிரித்துக்கொண்டே, அந்தச் சுற்றில் வேலையில் இருந்த பிளக் ஆளின் பெயரையும் அவர் கருவியின் எண்ணையும் அதுவாகவே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். மொத்தம் பதின்மூன்று வரி. ஒரு நாளைக்கு மட்டும் என்று நினைத்தேன். பார்ட்டி வந்தது, திரையைப் பார்த்தது, கை குலுக்கிவிட்டுப் போனது. நிரலை எடுக்க மறந்துபோனேன். ஏழு மாதம் அது ஓடிக்கொண்டே இருந்தது.

மறந்துபோனேன் என்பதும் முழு உண்மையல்ல. ஒருவர் நினைவுபடுத்தினார். நித்யாதான். அப்போது அவர் எங்கள் யார்டில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"சார், காதர் பாய் எடுக்குற அளவு சிலது சரியா ரெண்டு மணி பூஜ்யம் நிமிஷம் பூஜ்யம் நொடின்னு இருக்கு. மத்தது எல்லாம் ரெண்டு அஞ்சு, ரெண்டு பதினொண்ணுன்னு இருக்கு. மனுஷன் எப்படி சார் நொடி பிசகாம அழுத்துவார்?"

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஆனால் புதுப்பெண் முன்னால் அசடு வழியக் கூச்சம். "பாய் ஒரு வக்துத் தொழுகையும் தவறாத ஆளும்மா. அவரைப் பார்த்துத்தான் நம்ம சர்வரே டைம் வெச்சுக்குது" என்றேன். அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நித்யாவும் சிரித்தார், காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் என்னிடம் வேறு எந்தக் காகிதத்தையும் கொண்டுவரவில்லை.

ஒரு மனிதரின் தொழுகையை எடுத்து என் திருட்டை மூடினேன். இதைச் சிரிப்பாக எழுத எனக்கு வரவில்லை நித்யா. உங்கள் நிபந்தனை நிறைவேறியது.

அந்த வருடம் ஐப்பசி மழை பேய்மழை. ஒரு காலையில் யார்டின் கடைசி வரிசையில் கணுக்கால் வரை தண்ணீர் ஏறி, கரண்டு பேனலுக்குள் புகுந்துவிட்டது. ஒன்பது மணிவாக்கில் அந்த வரிசைக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். அன்று அங்கே சரக்கோடு நின்றது ஒரே ஒரு பெட்டி. அதை வேறு வரிசைக்கு மாற்றலாம் என்றால் தூக்குகிற வண்டி சேற்றில் இறங்காது. காதர் பாய் பத்து மணிச் சுற்றுக்குப் போனவர், தண்ணீருக்கு முன்னால் நின்று ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு போன் போட்டார். நான் அப்போது இன்சார்ஜின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். போனில் பாயின் குரல் எனக்கே கேட்டது.

"சார், தண்ணில ஒயரு கெடக்குது. உள்ளார கால வெச்சிருக்கசொல்ல எவனாச்சும் கரண்ட உட்டா நான் போய்ச் சேந்துருவேன். அந்தப் பொட்டிய நான் பாக்கல, சொல்லிட்டேன். அப்பால என்னிய கேக்காத."

"சரி பாய், விடுங்க. கரண்டு வந்தா பாத்துக்கலாம்" என்றார் இன்சார்ஜ்.

கரண்டு வர மறுநாள் காலை ஆகிவிட்டது. சாலையெல்லாம் வெள்ளம் என்பதால் மாற்று ஆளும் வரவில்லை. பாய் ஒருவரே மறுநாள் மதியச் சுற்று வரை நின்றார். மற்ற வரிசைகள் அத்தனையும் அவரே பார்த்தார். அந்த வரிசைக்குக் கரண்டு வந்ததை யாரும் அவரிடம் சொல்லாததால், அந்தப் பெட்டியை மட்டும் பார்க்கவில்லை. மறுநாள் மாலை ஆறு மணிச் சுற்றுக்கு வேறு ஆள் வந்து பார்த்தபோது முகப்பில் மைனஸ் பதினெட்டு தெரிந்தது. காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும். இறால் ஒருமுறை இளகினால் இளகியதுதான், அது முகப்பில் தெரியாது.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு ஒரு நிஜ அளவு. மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஒரு நிஜ அளவு. நடுவே எட்டுச் சுற்றுகள் காலி. என் பதின்மூன்று வரி நிரல் மகிழ்ச்சியாகக் கிளம்பிப் போய் எட்டு மைனஸ் பதினெட்டுகளைச் செய்தது. எட்டிலும் எடுத்தவர் காதர் பாய் என்று எழுதியது. எட்டுக்கும் கைரேகை வைத்தது. நாலு இடத்துக்கும் பிரதி அனுப்பியது. நாலும் சரிபார்த்து, எல்லாம் சரி என்றன.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். நாலு இடத்தில் ஒரே பதிவு இருந்தால் நாலு சாட்சி என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. ஒருவர் சொன்னதை மூன்று பேர் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பொய் உள்ளே வந்த பிறகு, நான் கட்டிய பூட்டு அந்தப் பொய்யைக் காவல் காக்க ஆரம்பித்தது. உண்மைக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்குமோ அதே விசுவாசம். அதற்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து புகார் வந்தது. பெட்டியைத் திறந்திருக்கிறார்கள், இறால் நாறியிருக்கிறது. பெட்டிக்குள் பேட்டரியில் ஓடும் சின்ன வெப்பப் பதிவுக் கருவி ஒன்று உண்டு. அது எங்கள் யார்டில் இருந்த நாளில் வெப்பம் ஏறியதைக் காட்டியது. எங்கள் பதிவோ எட்டு முறையும் மைனஸ் பதினெட்டு என்றது. இரண்டில் ஒன்று பொய். பெட்டிக்குள் இருந்த கருவிக்குப் பொய் சொல்லக் காரணமில்லை. ஆக, அழுத்திய கைதான் பொய் சொன்னது என்று முடிவானது. கை யாருடையது? பெயர்தான் இருக்கிறதே.

செய்தியைக் கேட்டதும் நான் செய்த முதல் வேலை என்ன என்று யாரும் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பதின்மூன்று வரியை அழித்தேன். யோசித்து அல்ல. சட்டையில் பூச்சி விழுந்தால் தட்டிவிடுகிற மாதிரி. எண்ணுக்கெல்லாம் பூர்வீகம் எழுதி வைத்தவன், எண்ணைச் செய்கிற நிரலுக்கு யார் எழுதினார், எப்போது எழுதினார், எப்போது எடுத்தார் என்று எதுவும் எழுதி வைக்கவில்லை. அழித்த சுவடே இல்லாமல் போய்விட்டது. அது போனதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. 

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். மென்மையாகப் பேசுகிறவர். பக்கத்தில் மேனேஜர், ஷிஃப்ட் இன்சார்ஜ், நான். எதிரே காதர் பாய், இஸ்திரி போட்ட சட்டையில். அவரை அந்த மாதிரிச் சட்டையில் நான் பார்த்ததே இல்லை.

"அந்தப் பொட்டிகிட்ட நான் போகவே இல்ல சார். போன்ல சொன்னேன்."

அதிகாரி இன்சார்ஜைப் பார்த்தார். இன்சார்ஜ் மேனேஜரைப் பார்த்தார். "அன்னைக்கு நூறு போன் வந்துச்சு சார். ஞாபகம் இல்லை" என்றார்.

"கரண்டு எவ்வளவு நேரம் போச்சுன்னு குறிப்பு இருக்கா?"

எலக்ட்ரீஷியன் நோட்டு அந்த மழையிலேயே ஊறிக் கூழாகியிருந்தது.

"போகலைன்னு சொல்றீங்க. ஆனா எட்டு முறை நீங்க அழுத்தியிருக்கீங்களே பாய்?"

"நான் அமுக்கல சார். மெய்யாலுமே அமுக்கல." அப்புறம் பாய் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "தோ, சார் கீறாரே. இத்த கட்னவரே அவருதான். அவராண்ட கேளுங்க. அவரு சொல்வாரு."

அதிகாரி என் கையேட்டைப் புரட்டினார். முதல் பக்கத்தின் தடித்த வரியைச் சத்தமாகவே படித்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஒருத்தர் கையால அழுத்தாம, அவர் பேர்ல ஒரு பதிவு உள்ள வர முடியுமா?"

உங்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு கேள்வி ஒருநாள் வரும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. பதில் சொல்ல இரண்டு மூச்சு நேரம் கிடைக்கும். எனக்கு அந்த இரண்டு மூச்சில் என்னென்னவோ ஓடியது. ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம். ஏழு மாதப் பதிவு முழுக்கச் சந்தேகம் என்று ஆகிவிட்டால் யார்டையே மூடிவிடுவார்கள். பாய்க்கு ஒரு வாரம் சஸ்பெண்ட் கொடுப்பார்கள், பிறகு பேசிச் சரி செய்துவிடலாம். இப்படி ஆயிரம் நியாயம்.

"வடிவமைப்புப்படி முடியாது சார்" என்றேன்.

பாருங்கள், அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

காதர் பாய் என்னைத் திட்டவில்லை. தான் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்பது போலத் தலையை லேசாகச் சாய்த்துப் பார்த்தார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் படிக்கட்டில் என்னைப் பிடித்தார்.

"இன்னா சார், அமுக்கிருப்பேனோ? ஒண்ணரை நாளு தூக்கம் இல்ல. தூக்கக் கலக்கத்துல நானே போய் அமுக்கிட்டேனோ?"

தன்மேல் தப்பில்லை என்று நூற்றுக்கு நூறு தெரிந்த மனிதர், என் ஒரு வாக்கியத்தில் தன் ஞாபகத்தையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்.  "பாத்துக்கலாம் பாய்" என்றேன்.

சனிக்கிழமை அவரிடம் இரண்டு காகிதம் நீட்டினார்கள். ராஜினாமாவில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் போலீஸில் புகார். போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருந்தேன். மனைவி, "என்ன, உடம்பு சரியில்லையா, ஜோக்கையே காணோம்?" என்றாள். திங்கட்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நிரல், பதின்மூன்று வரி, பஜ்ஜி உட்பட.

அவர் கேட்டுக்கொண்டார். "அந்த நிரலைக் காட்டுங்க" என்றார்.

"அழிச்சிட்டேன் சார்."

"எழுதினதுக்கு ஆதாரம்?"

"இல்லை சார். போன்ல பாய் பேசினதும் என் காதுல விழுந்தது."

"மூணு நாளைக்கு முன்னாடி இதே வாயால முடியாதுன்னீங்க. உங்க புஸ்தகத்துலயும் முடியாதுன்னு போட்டிருக்கு. இப்ப தோஸ்தைக் காப்பாத்தணும்னு முடியும்கறீங்க. நான் எதை நம்பறது?" குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே கேட்பது போல இருந்தது.

நித்யா தன் பழைய காகிதத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். நொடி பிசகாத அந்த நேரங்கள். கூட ஏழு மாதப் பட்டியல். எந்தக் குழந்தை பார்த்தாலும் புரியும். அதிகாரிக்கு அனுப்பினோம். 'விசாரணை முடிவடைந்துவிட்டது, பணியாளர் தாமாக விலகிவிட்டார்' என்று ஒரு வரி பதில் வந்தது. புரியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. தேவையில்லை என்று சொன்னார்கள். நித்யா அடுத்த மாதமே வேலையை விட்டார். நான் விடவில்லை. ஒன்றரை வருடம் நல்ல பிள்ளையாக இருந்து, மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என்னால் முடிந்த ஒன்றைச் செய்தேன். எழுதியதை அழிக்க முடியாது, கீழே புதிதாக ஒரு குறிப்புச் சேர்க்கலாம். அதைச் சேர்த்தேன்: 'மேற்கண்ட எட்டு அளவுகளும் எவராலும் எடுக்கப்பட்டவை அல்ல. நிரலால் உண்டாக்கப்பட்டவை. அந்த நிரலை எழுதியவன் நான்.' கீழே என் பெயர். அதுவும் நாலு இடத்துக்குப் போயிருக்கிறது. அந்த நாலில் ஒன்று இன்று நித்யாவின் பொறுப்பில், உங்கள் இடத்தில்தான் இருக்கிறது. தேடிப் பாருங்கள். காதர் பாயின் பெயரை அடித்தால் முதலில் அந்த எட்டு அளவுகள் வரும். அப்புறம், ராஜினாமா வாங்கிக்கொண்டவர்களே போட்ட 'பொய்யான பதிவு செய்ததால் நீக்கம்' என்ற குறிப்பு வரும். என் குறிப்பைப் பார்க்க இன்னொரு முறை அழுத்த வேண்டும். யாரும் அழுத்துவதில்லை. பாய் அதன்பிறகு அத்திப்பட்டு வரைக்கும் போய் நாலு யார்டில் வேலை கேட்டார். நாலு இடத்திலும் துறைமுக வாசல் பதிவில் பெயரை அடித்துப் பார்த்தார்கள்.

உங்களுக்குப் பயன்படக்கூடியது என்று நான் கற்றதைச் சொல்கிறேன். அளவு எடுக்கவில்லை என்று சொல்வதற்கு ஓர் இடம் வையுங்கள். காலியாக இருந்த அந்த எட்டுக் கட்டங்கள்தான் என் அமைப்பிலேயே உண்மையான பதிவுகள், நான் அவற்றை அசிங்கம் என்று நினைத்தேன். கணக்குப் போட்டு வந்த எண்ணுக்கு மனிதர் பெயரைக் கொடுக்காதீர்கள். உங்கள் நிரலுக்கும் பூர்வீகம் எழுதுங்கள், அதை முதலில் உங்களிடமிருந்தே காப்பாற்றுங்கள். யாராவது ஒரு காகிதத்தோடு வந்தால் சிரிக்காதீர்கள், உட்காரச் சொல்லுங்கள். எல்லாம் நல்ல பாடங்கள்தான். காதர் பாய்க்கு இதில் ஒன்றுகூட உதவவில்லை.

போன மாதம் அவரைப் பார்த்தேன். வண்ணாரப்பேட்டையில் அவருடைய மச்சான் கடை, நைட்டி மொத்த வியாபாரம். வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிற வேலை பாய்க்கு. கூட்டத்தில் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"வா சார். வூட்ல அம்மாவுக்கு நைட்டியா? ஷோக்கா புது டிசைன் வந்துகீது."

"இல்ல பாய். உங்களைப் பாக்கத்தான்."

"அப்படியா?" அவர் கை நிற்காமல் மடித்துக்கொண்டே இருந்தது.

நான் குறிப்புச் சேர்த்ததைச் சொன்னேன். என் பெயரைப் போட்டதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நான் இப்ப எண்ணூர்ல போய் வேலைக்கு நின்னா, அத்த படிச்சிட்டு என்னிய எடுத்துப்பாங்களா சார்?" என்றார்.

"இல்ல பாய்."

"அப்ப யாருக்கோசரம் எழுதின? உனக்கோசரம் எழுதிகின."

 சிரித்துச் சமாளிக்க ஒரு ஜோக்கைத் தேடினேன், வரவில்லை.

அவர் ஒரு நைட்டியை மடித்து அடுக்கில் வைத்தார். அடுத்ததை எடுத்தார். "ஒண்ணு பண்ணு சார். அந்த எட்டு எடத்துலயும் என் பேரை எடுத்துடு. வேற ஒருத்தன் பேரும் போடாத, பாவம். சும்மா காலியா உடு. அது போதும் எனக்கு."

"முடியாது பாய்."

"நீதான சார் கட்ன?"

"ஆமா பாய். நான்தான் கட்டினேன்."

 எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கடைப்பக்கம் ஒதுங்குவது தெரிந்தது. பாயின் பார்வை என்னைத் தாண்டி அவர்களிடம் போனது.

"வாம்மா, வாம்மா, உள்ளார வந்து பாரு." பிறகு என் தோளை லேசாகத் தொட்டு ஒதுக்கினார். "வழிய உட்டு நில்லு சார். கஸ்டமர் வராங்க."